அக்காவின் பெயர் இறங்கி ஏறிய பட்டியல்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அக்காவின் புகைப்படத்தையும், பேரப்பிள்ளைகள் எழுதிய நான்கு வரிகளையும், குடும்பத்தார் பெயர்களையும் எதிர்பார்ப்பீர்கள். அவை அடுத்த பக்கங்களில் இருக்கின்றன. தம்பியாகிய நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம் வீட்டுக் கல்யாணங்களிலும் காதுகுத்துகளிலும் நான் உரக்கச் சொல்லித் திரிந்த ஒரு கதை பொய் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த அன்று எனக்குக் கை கால் ஓடவில்லை. இன்னும் முழுதாக ஓடவில்லை. கதையை உங்கள் முன்னால் சொன்னவன், அதைத் திருத்துவதையும் உங்கள் முன்னால்தான் செய்ய வேண்டும்.

அக்கா ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். எங்கள் பெற்றோர் நிலமில்லாக் கூலிகள், பட்டியல் சாதியினர். அடுத்தவர் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்குவதும், வறுத்த கொட்டையை உடைத்துப் பருப்பு எடுப்பதும்தான் அவர்களுக்குத் தெரிந்த வேலை. அக்காவும் பள்ளி விட்டு வந்ததும் கொட்டை உடைக்க உட்கார்ந்துவிடுவார். கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் விரல் தோல் உரிந்துவிடும். உரிந்த விரல்களோடு அக்கா ஜெயங்கொண்டத்தில் தட்டச்சு கற்றார். தேர்வன்று விரல் நுனிகளில் துணி சுற்றிக்கொண்டு போனாராம். துணி சுற்றினால் எழுத்து மாறி விழுகிறது என்று ஆசிரியர் சொன்னதும் அதையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு அடித்தாராம். முதல் வகுப்பில் தேறினார். தேறியதைச் சொல்லும்போது மட்டும் அக்காவுக்குக் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்க்கும்.

பிறகு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை எழுத்தராக வேலை கிடைத்தது. அலுவலகம் திருச்சியில். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. நம் குடும்பத்தாருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. கல்யாணமாகி அரியலூரில் குடியேறிய பிறகு காலையில் ரயிலேறி மாலையில் இறங்குவது அக்காவின் வாழ்க்கையானது. பெண்கள் பெட்டியில் சன்னலோர இருக்கை, எதிரில் சரோஜா மேடம்.

சரோஜா மேடத்தை இங்கே சரியாக அறிமுகப்படுத்த வேண்டும், ஏனென்றால் இத்தனை நாள் நான் அவரைத் தப்பாகவே அறிமுகப்படுத்தி வந்திருக்கிறேன். அவர் ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பம். அக்காவுக்கு ஓராண்டு முன்னால் அதே அலுவலகத்தில் அதே வேலையில் சேர்ந்தவர். இருவரும் அடுத்தடுத்த மேசை. தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் அவருடைய டப்பாவிலிருந்து அக்காவின் டப்பாவுக்குப் போகும். அக்காவின் முந்திரி போட்ட பாயசம் பண்டிகைக்கு அவர் வீட்டுக்குப் போகும். இத்தனை நெருக்கத்துக்கும் நடுவில் ஒரு பட்டியல் வந்து உட்கார்ந்தது.

அந்தப் பட்டியலைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சட்டம் சொல்ல வேண்டும். நான் பெரம்பலூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். சட்டம் படித்தவனில்லை. அக்கா சொல்லிக் கேட்டதையும், அக்கா தன் பீரோக் கதவின் உள்பக்கம் பால் அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்த செய்தித்தாள் நறுக்குகளையும் வைத்துச் சொல்கிறேன்.

அரசு வேலையில் சேரும்போது பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். சேர்ந்த பிறகு வரும் பதவி உயர்விலும் அது உண்டா என்பதுதான் தகராறு. கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அதன் மேல் நாடாளுமன்றம் அரசியலமைப்பையே திருத்தி, உண்டு என்று எழுதியது. அது எழுபத்தேழாவது திருத்தம், 1995 ஜூன் மாத நடுவில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூலையின் முதல் திங்கட்கிழமை அக்கா மேல்நிலை எழுத்தர் நாற்காலியில் அமர்ந்தார். ஒதுக்கீட்டில் வராத, ஓராண்டு மூத்தவரான சரோஜா மேடத்துக்கு அந்த உயர்வு வர இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

அவர் வந்த பிறகு அடுத்த கேள்வி முளைத்தது. கீழே மூத்தவராக இருந்து மேலே தாமதமாக வந்தவர் மூத்தவரா, கீழே இளையவராக இருந்து மேலே முந்தி வந்தவர் மூத்தவரா? பதவி உயர்வைக் கொடுக்கலாம், ஆனால் அதனால் கிடைக்கும் பணிமூப்பைக் கொடுக்க முடியாது, பின்னால் வந்தாலும் பழைய மூத்தவரே மேலே இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. எல்லா அலுவலகங்களிலும் பணிமூப்புப் பட்டியலைத் திருத்தி எழுதினார்கள். அக்காவின் அலுவலகத்தில் நான்காவதாக இருந்த அக்கா ஏழாவதாக இறங்கினார். ஏழாவதாக இருந்த சரோஜா மேடம் நான்காவதாக ஏறினார்.

பட்டியலைத் தட்டச்சு செய்தது அக்காதான். அந்த அலுவலகத்தில் எந்தப் பட்டியலும் வெளியே போகும் முன் இரண்டு பேர் உட்கார்ந்து ஒப்புநோக்க வேண்டும். கம்பேர் பண்ணுவது என்பார்கள். ஒருவர் மூலத்தை உரக்க வாசிப்பார், கமா, புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி. இன்னொருவர் அடித்த தாளில் வரிவரியாக டிக் போட்டுக்கொண்டே வருவார். அன்று வாசித்தவர் அக்கா, டிக் போட்டவர் சரோஜா மேடம். தன் பெயரை ஏழாவது எண்ணில் அக்காவே வாசித்தார். இதை அன்று மாலையே எங்கள் மாமா, அதாவது அக்காவின் கணவர், என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

நான் அன்றைக்கும் இன்றைக்கும் கோபக்காரன். அது உங்களுக்குத் தெரிந்ததுதான். மறுநாள் மாலை கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸேறி அரியலூர் ரயில் நிலையத்துக்குப் போனேன். ரயில் வந்து நின்றது. சரோஜா மேடம் சாப்பாட்டுக் கூடையோடு இறங்கினார், பின்னால் அக்கா. நடைமேடையில் அத்தனை பேர் முன்னால் வழிமறித்தேன்.

"எங்க அக்கா ஒழச்ச எடத்துல நீங்க எப்படி மேடம் ஏறி ஒக்காருவீங்க? அவங்க ஊறுகாயத் தின்னுட்டு அவங்க தலையிலயே மெதிப்பீங்களா?"

ஊறுகாய் கொடுத்தவர் அவர். கோபத்தில் அதைக்கூட மாற்றிச் சொன்னேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். அவர் சாதியையும் இழுத்தேன். அதை அச்சில் போட எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு படியேறிப் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

"இன்னொரு தடவ ஸ்டேஷன் பக்கம் வந்தீன்னா, எனக்குத் தம்பியே இல்லன்னு நெனச்சுக்குவேன்."

ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பொங்கலுக்குக்கூட மாமாதான் கரும்பு கொண்டு வந்து கொடுத்தார்.

இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றம் மறுபடியும் அரசியலமைப்பைத் திருத்தியது. எண்பத்தைந்தாவது திருத்தம். பதவி உயர்வு கிடைத்தால் அதனோடு வரும் பணிமூப்பும் கிடைக்கும் என்று எழுதினார்கள். அதோடு நிற்காமல், முந்தைய திருத்தம் வந்த அதே 1995 ஜூனிலிருந்தே இது செல்லும் என்றும் எழுதினார்கள். அக்காவின் பெயர் பழையபடி நான்காவது இடத்துக்கு ஏறியது. மேலே இருந்த மூன்று பேரும் உயர்வும் ஓய்வும் பெற்றுப் போய்விட, அடுத்த ஆண்டு காலியான கண்காணிப்பாளர் நாற்காலி அக்காவுக்குக் கிடைத்தது. எங்கள் தெருவில் பிறந்தவர்களில், மற்றவர்கள் எழுதிய தாளில் கையெழுத்துப் போடும் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அக்காதான்.

நான் சொல்லித் திரிந்த கதை இங்கேதான் பிறந்தது. "ஸ்டேஷன்ல நான் போட்ட சத்தத்துல அந்தம்மா ஆடிப் போயிட்டாங்க, ஆபீஸே பயந்துருச்சு, சட்டம் ஒரு பக்கம், நம்ம சத்தம் ஒரு பக்கம், ரெண்டும் சேந்துதான் அக்காவ ஒக்கார வெச்சுது." இதை என் வாயால் கேட்காதவர்கள் நம் உறவில் குறைவு. சரோஜா மேடத்தைப் போல நடித்தும் காட்டுவேன், கூடையைக் கை மாற்றிக்கொண்டு படியேறுவது வரைக்கும். எல்லோரும் சிரிப்பீர்கள். அக்கா மட்டும் "போதும்டா, எலையில சோறு ஆறுது" என்பார். தன்னைப் பற்றிப் புகழ்ந்து பேசுவது பிடிக்காமல் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மாமா அந்தக் காலத்திலேயே சிறுநீரகக் கோளாறால் இறந்துவிட்டார். அக்கா தனி ஆளாக மகள் தமிழ்ச்செல்வியைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார். பணி ஓய்வுக்குப் பிறகும் காலையில் ரயில் வரும் நேரத்துக்கு எழுந்து குளித்துத் தயாராகிவிடுவார். போகத்தான் இடமிருக்காது. நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு வேலை விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறார் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். பிறந்த தேதியைச் சான்றிதழைப் பார்க்காமல் எழுதினால் கையில் ஸ்கேலால் ஒரு தட்டு விழும். "தேதிய மனசுலேருந்து எழுதாத" என்பது அக்காவின் வாக்கு. அதை அக்கா யாரிடமிருந்து கற்றார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். வேப்பந்தட்டையிலிருந்து வந்த ஒரு கிணற்று மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பக்கத்து வீட்டு அம்மா பேசினார். அக்கா கடைக்குப் போய்ப் புளி வாங்கிவந்து, நாற்காலியில் உட்கார்ந்து அவரிடம் தண்ணீர் கேட்டாராம். தண்ணீர் கொண்டு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டதாம். கையில் கம்பியோடு நின்றேன். எத்தனை சுற்று சுற்றினேன் என்ற கணக்கு விட்டுப்போனது. முதல் நாள் மாலைதான் போனில் என் சர்க்கரை அளவைக் கேட்டுத் திட்டியிருந்தார். காய்ச்சல் இல்லை, படுக்கை இல்லை, ஒரு மாத்திரைகூட இல்லை. அரியலூர் போய்ச் சேரும் வரை, பக்கத்து வீட்டு அம்மா தவறாகப் பார்த்திருப்பார், அக்கா மயங்கித்தான் இருப்பார் என்றே பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தேன். வாசலில் செருப்புகளைப் பார்த்த பிறகும் நம்பவில்லை. புளிப் பொட்டலம் மேசையில் பிரிக்காமல் இருந்தது.

சரோஜா மேடம் அன்று வந்திருந்தார். சுவரோரம் ஒரு நாற்காலியில் மாலை வரை உட்கார்ந்திருந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கும் வந்தார். அன்று பந்தலில் அக்காவின் பழைய அலுவலக நண்பர்கள் சிலர் உட்கார்ந்திருக்க, நான் வழக்கம்போல என் கதையை எடுத்துவிட்டேன். நடைமேடை, சத்தம், நாற்காலி, எல்லாம். துக்கத்தில் வாய் இன்னும் அதிகமாக ஓடியது. பாதியில்தான் பார்த்தேன், மூன்றாவது வரிசையில் சரோஜா மேடம் இருந்தார். நான் நிறுத்தவில்லை. கேட்கட்டுமே என்று முடிவு வரை சொன்னேன். அவர் எழுந்து தமிழ்ச்செல்வியின் தலையைத் தடவிவிட்டு, காரிய வீட்டு வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் போனார்.

இரண்டு மாதங்களுக்கு முன் தமிழ்ச்செல்வி, இந்த மலருக்காகப் பழைய புகைப்படம் தேடச் சென்னையிலிருந்து வந்து பீரோவைத் திறந்தாள். மதியம் எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, அம்மா பீரோவுல ஒரு பேப்பர் இருக்கு. நீங்க வந்து படிங்க. போன்ல சொல்ற மாதிரி இல்ல."

அது ஒரு மனுவின் கார்பன் நகல். அக்கா தன் அலுவலகத்துக்கு எழுதியது. எண்பத்தைந்தாவது திருத்தம் வந்த பிறகு அக்காவின் பெயர் தானாக மேலே ஏறியது என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி ஏறவில்லை. திருத்தத்தின்படி வந்த புதுப் பட்டியலிலும் அக்கா ஏழாவதாகவே இருந்திருக்கிறார். சட்டம் ஜூன் நடுவிலிருந்துதான் செல்லும், இவருக்குப் பதவி உயர்வு முடிவானது அதற்கு முன்பே, எனவே இவருக்குப் பொருந்தாது என்று அலுவலகம் எழுதியிருக்கிறது. பதவி உயர்வை முடிவு செய்யும் குழு கூடிய தேதியைப் பிடித்துக்கொண்டு, அக்கா நாற்காலியில் அமர்ந்த தேதியை விட்டுவிட்டார்கள். ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத வேண்டும். அந்த ஆட்சேபணைதான் அந்த மனு. குழு கூடியதால் யாருக்கும் பதவி வந்துவிடாது, ஆணை பிறந்து பொறுப்பேற்ற நாளே கணக்கு, அது ஜூலையின் முதல் திங்கட்கிழமை, ஆணை எண் இன்னது, பதிவேட்டுப் பக்கம் இன்னது என்று வரிசையாக. ஒரு சொல்கூட அதிகமில்லை.

பின்பக்கம் பென்சிலில் வேறு கையெழுத்து. "படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. நாளைக்கே கொடுத்துவிடு. என் பெயர் எங்கும் வரக்கூடாது. சரோஜா."

நான் பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தமிழ்ச்செல்வி தண்ணீர் கொண்டு வந்தாள். அக்கா கேட்டுக் குடிக்காமல் போன தண்ணீர் நினைவுக்கு வந்து, அதையும் குடிக்க முடியவில்லை. அந்த மனு போகாமல் இருந்தால், அடுத்த நாற்காலி யாருக்குப் போயிருக்கும்? நான்காவதாக இருந்தவருக்கு. நான்காவதாக இருந்தவர் சரோஜா மேடம்.

மறுநாள் நானும் தமிழ்ச்செல்வியும் ஜெயங்கொண்டம் பக்கம் அவர் வீட்டுக்குப் போனோம். மகனோடு இருக்கிறார். கண்புரை அறுவை செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நான் பேச்சைத் தொடங்கத் தெரியாமல் நகலை நீட்டினேன். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, தான்தான் அடித்தது என்றார். அலுவலக இயந்திரத்தில் அடித்தால் எழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று இங்கே ஒரு தட்டச்சு நிலையத்தில் உட்கார்ந்து அடித்தாராம். பதவி உயர்வில் ஒதுக்கீடு இல்லாத ஊழியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து அந்தச் சட்டத்தை எதிர்த்துக்கொண்டிருந்த நேரம். அவரும் அதில் உறுப்பினர். தெரிந்தால் அலுவலகத்தில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அதனால்தான் அக்காவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

அப்போது மாமா மருத்துவமனையில் கிடந்தார். அக்காவுக்குப் பட்டியலைப் பார்க்கவே நேரமில்லை. பார்த்திருந்தாலும் எதிர்த்து எழுதியிருக்க மாட்டார் என்றார் சரோஜா மேடம். ஏன் எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கேட்பதற்கு எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்டேன்.

"எனக்கு அந்தச் சட்டம் அன்னிக்குப் புடிக்கல தம்பி. இன்னிக்கும் முழுசாப் புடிச்சிருக்குன்னு ஒன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் முன்ன வந்தவ நானு. ஆனா தேதி தப்பு. ஒங்க அக்கா அந்த சீட்டுல ஒக்காந்த அன்னிக்கு நான் பக்கத்து சீட்டுல இருந்தேன். எனக்குத் தெரியாதா என்னிக்குன்னு?"

நகலை மடித்துத் தமிழ்ச்செல்வியிடம் கொடுத்தார். பிறகு முதல் பட்டியலைக் கம்பேர் செய்த நாளைப் பற்றிச் சொன்னார். வாசிக்கும்போது குரல் மாறக்கூடாது என்பது அந்த வேலையின் பழக்கம், மாறினால் வரி விட்டுப்போகும். ஏழாவது எண்ணில் தன் பெயரை வாசித்தபோது அக்காவின் குரல் கொஞ்சமும் மாறவில்லையாம். டிக் போடத் தனக்குத்தான் கை வரவில்லை என்றார். அக்கா காத்திருந்து, "போடு சரோஜா, அடுத்த வரி போகணும்" என்றாராம்.

நான் அவர் காலில் விழப் போனேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எந்திரி. என்னப் பெரிய மனுஷி ஆக்காத. லிஸ்ட்டு வந்த அன்னிக்கே தப்புன்னு தெரியும் எனக்கு. பேப்பர அடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு பதிமூணு நாளு அவ எதுத்தாப்புலயே ரயில்ல போயிட்டு வந்தேன். குடுக்கல. பதினாலாம் நாளுதான் குடுத்தேன். அந்தப் பதிமூணு நாளு நான் நல்லவ இல்ல."

அதை அக்காவிடமும் சொன்னாராம். அக்கா, பதினாறாம் நாள் கொடுக்காமல் பதினாலாம் நாளே கொடுத்தாயே என்று சிரித்தாராம். இருந்தாலும் அக்கா கண்காணிப்பாளரான பிறகு இவருக்கு மனம் ஆறவில்லை. அக்கா கையெழுத்துப் போட்ட தாளைக் கையில் வாங்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்குமாம். நான்கைந்து மாதம் வேறு பெட்டியில் ஏறினாராம். பிறகு ஒரு நாள், அந்தப் பெட்டியில் உட்கார இடம் கிடைக்காமல், பழைய சன்னலோரத்துக்கே வந்துவிட்டாராம். அங்கே எதிர் இருக்கையில் அக்கா தன் பையை வைத்து இடம் பிடித்து வைத்திருந்தார். அத்தனை மாதமும் வைத்திருந்தாராம். சரோஜா மேடம் அந்தக் கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்காராமலே ஓய்வு பெற்றார்.

சத்தியம் ஒரு பக்கம் இருக்கட்டும். இவர் ஓய்வு பெற்ற பிறகாவது அக்கா எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்குத் தமிழ்ச்செல்விதான் பதில் சொன்னாள். "சொல்லியிருந்தா நீங்க அடுத்த கல்யாணத்துல எப்படி மாமா நிமிந்து ஒக்காருவீங்க?"  இலையில் சோறு ஆறுகிறது என்று அக்கா சொன்ன ஒவ்வொரு பந்தியும் ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொன்றும் செருப்படி.

இதையெல்லாம் மலரில் எழுதலாமா என்று கேட்டேன். சங்கம் கலைந்து பல காலம் ஆகிவிட்டது, பெயரைப் போடலாம் என்றார். அந்தப் பதின்மூன்று நாளையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. எழுதி முடித்துக் கொண்டு வரச் சொன்னார். "நீ தப்புத் தப்பா எழுதுவ. கம்பேர் பண்ணித்தான் பிரஸ்ஸுக்குக் குடுக்கணும்."

இனி நன்றிகள். தண்ணீரோடு ஓடி வந்து அக்காவின் தலையை மடியில் ஏந்திய பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நன்றி. உடன் நின்று இறுதிக் காரியங்களை நடத்திக் கொடுத்த ஆண்டிமடத்துப் பங்காளிகளுக்கும், மாமா வீட்டு உறவினர்களுக்கும், பெரம்பலூர் கடைத்தெரு நண்பர்களுக்கும் நன்றி. வெயிலில் வந்து நின்ற அக்காவின் அலுவலகத் தோழர்களுக்கு நன்றி. என் கதையை நம்பிச் சிரித்தவர்கள் அனைவரும் அதை இன்றோடு மறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அக்காவை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது நாடாளுமன்றம் எழுதிய இரண்டு திருத்தங்களும், சரோஜா மேடம் அடித்த ஒரு பக்க மனுவும். என் சத்தத்துக்கு அதில் பங்கில்லை. அரியலூர் நடைமேடையில் அத்தனை பேர் முன்னால் கத்தினேன். இந்த மலரைப் படிக்கும் அத்தனை பேர் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இந்தக் கடைசிப் பத்தியைப் பிறகு சேர்த்தேன். நேற்று சரோஜா மேடம் அக்கா வீட்டுக்கு வந்தார். அக்காவின் மேசையில் உட்கார்ந்து நான் கையால் எழுதியதை அவர் வாசிக்க, அச்சகத்திலிருந்து வந்த தாளில் நான் டிக் போட்டேன். கமா, புள்ளி எல்லாம் சொல்லித்தான் வாசித்தார். நடைமேடையில் நான் கத்தியதை, "மெதிப்பீங்களா, கேள்விக்குறி, மேற்கோள் முடிவு" என்று பால் கணக்கு வாசிப்பதுபோல வாசித்தார். அவருடைய பதின்மூன்று நாளும் அப்படியே போனது, நான் கேட்ட மன்னிப்பும் அப்படியே போனது. எல்லாம் முடிந்ததும் மறுபடி முன்பக்கத்துக்குப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார். அக்கா பதவி ஏற்ற நாளை நான் ஜூன் என்று எழுதியிருந்தேன். மனுவை இத்தனை முறை படித்த பிறகும், மனதிலிருந்து எழுதியிருந்தேன். "ஜூலை தம்பி. ஜூலை மாசத்து மொத திங்கக்கெழம. மஞ்சள் பொடவ கட்டிக்கிட்டு வந்தா" என்றார். அப்போது மட்டும் அவர் குரல் மாறியது. நான் ஜூனை அடித்துவிட்டு ஜூலை என்று எழுதி, பக்கத்தில் டிக் போட்டேன்.